வியாழக்கிழமைத் திருட்டுகள்

பாரசீகத்தின் அந்தச் சிற்றூரில், பிரிட்டிஷ் துணைத் தூதர் விட்டேக்கரின் மாளிகையில் வியாழன்தோறும் ஏதாவது திருட்டுப் போகும். ஒரு வாரம் குடை, மறுவாரம் ஒற்றை பூட்ஸ். உடனே சாம்ராஜ்ஜியத்தின் முத்திரை குத்திய கண்டனக் கடிதம் போலீஸ் தலைவர் நஸ்ருல்லா கானுக்குப் பறக்கும். புகார் இல்லாமல் அவர் அங்கே கால் வைத்தால் ஊரார் அவரை ஒற்றன் என்றுவிடுவார்கள். தூதர் தன் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்ததை அவர் வந்து பொறுமையாகக் கண்டுபிடிப்பார். பிறகு இருவரும் பொழுது சாயும்வரை தேநீர் குடிப்பார்கள். முந்நூறு மைலுக்குள் விட்டேக்கரிடம் பேச வேறு ஆளில்லை.

ஒரு வியாழன் கான் தேநீரைத் தொடவில்லை. "கவர்னர் கூப்பிட்டு வைதுவிட்டார், சாஹிப். இங்கே இன்னொரு திருட்டு நடந்தால் என் வேலை போய்விடும்."

அடுத்த வியாழன் எதுவும் காணாமல் போகவில்லை. அதற்கடுத்த வியாழனும் அப்படித்தான். மூன்றாம் வியாழன் கான் வெறுந்தலையோடு வாசலில் வந்து நின்றார். கோட்டுப் பை புடைத்திருந்தது.

"என் தொப்பியைக் காணோம் சாஹிப். உங்கள் மாளிகை மேல்தான் சந்தேகம். சோதனை போட வேண்டும்."

விட்டேக்கரின் முகம் மலர்ந்தது. உடனே சட்டம் ஞாபகத்துக்கு வந்து வாடியது. "இது பிரிட்டிஷ் மண், கான். என் புகார் இல்லாமல் நீங்கள் உள்ளே வர, தெஹ்ரானில் இருக்கும் எங்கள் தூதரகத்திலிருந்து அனுமதி வரணுமே."

"எத்தனை நாளாகும்?"

"நாற்பது."

வேலைக்காரன் கம்பிக் கதவுக்கு உள்ளே ஒரு நாற்காலியும் வெளியே ஒரு நாற்காலியும் போட்டான். தேநீர்க் கிளாஸ் கம்பிகளுக்கிடையே நுழைகிறதா என்று விட்டேக்கர் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.