முதல் ஜனாதிபதியின் கார்

1977 ஜூன் மாதம், மெல்பர்னில் குளிர் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்கிற ஒரு பிற்பகல். கிளென் வேவர்லி புறநகரிலுள்ள வீட்டுக் கூடத்தில் தொலைபேசிக்கும் ஜன்னலுக்கும் இடையே குமுதவல்லி நடந்துகொண்டே இருக்கிறாள். அவள் பிறந்த சீஷெல்ஸ் தீவு விடுதலை பெற்று இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதல் ஜனாதிபதி லண்டன் போயிருந்த சமயம் பார்த்துச் சிலர் துப்பாக்கியோடு வந்து ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள். அந்த ஜனாதிபதிக்குக் கார் ஓட்டுகிறவன் அவளுடைய தம்பி கதிரேசன். ஐந்து நாளாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மேசையில் டீ ஆறி ஆடை படிந்திருக்கிறது. மங்கிய வெயில் தரைவிரிப்பின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது.

"கொஞ்சம் உட்காரேன். ட்ரங்க் கால் கிடைக்க நேரமாகும்" என்கிறார் கணவர் நாகராஜன். அவள் உட்காரப்போகும்போது மணி அடிக்கிறது. பாய்ந்து எடுக்கிறாள். ஒரே இரைச்சல், அதற்குள்ளிருந்து தம்பியின் குரல் வருகிறது.

"அக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன். ஷெட்ல காரைத் துடைச்சிக்கிட்டிருக்கேன்."

அவளுக்கு மூச்சு வருகிறது. "அவருதான் ஊர்லயே இல்லையேடா. யாருக்காகத் துடைக்கிற?"

பக்கத்தில் யாரோ நிற்பதுபோல அவன் குரல் தணிந்து கேட்கிறது.

"அதை இன்னும் சொல்லலக்கா. பளபளன்னு இருக்கணும்னு மட்டும் உத்தரவு."