நாலாம் அத்தியாயம்

"நாலாம் அத்தியாயத்தை மட்டும் ஏன் என்கிட்டயிருந்து பிடுங்கினே?"

கதவைத் தட்டாமல் வந்து நின்ற தங்கையை அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பூச்சிமருந்து நஞ்சு பற்றி மருத்துவப் பணியாளர்களுக்கான கையேடு அது. பதிப்பகம் அவனுடையது. பிரதியைத் திருத்துவது அவள் வேலை.

"நீ நிறைய தப்பு விடறே. அதை நானே பார்த்துக்கறேன்."

"நானா? ஒரு கால்புள்ளி நழுவினாலே எனக்குத் தூக்கம் வராது. கூடப் பிறந்தவதானேன்னு இளக்காரமா?"

அவன் வாய் திறப்பதற்குள், நூலை எழுதிய டாக்டர் ஒரு தாளை ஆட்டிக்கொண்டே நுழைந்தார்.

"என்ன சார், ஒரு பத்தியையே அடிச்சிட்டீங்க? நாலாம் அத்தியாயத்துக்கே அதுதான் சார் உயிர்!"

"வளவளன்னு இருக்கு டாக்டர். வாங்க, வெளியே போய்ப் பேசலாம்."

"இதுவா வளவள? நீங்களே கேளுங்கம்மா." டாக்டர் அவள் பக்கம் திரும்பி வாசித்தார். "'பூப்பண்ணையில் மருந்து தெளித்தவர், நனைந்த சட்டையோடு வீடு திரும்பினார். களைப்பு என்று நினைத்த மனைவி, அப்படியே போர்த்திப் படுக்க வைத்தார். சட்டை வழியே நஞ்சு உடம்பில் இறங்கிக்கொண்டே இருந்தது. மனைவியின் அலட்சியத்தால் ஓர் உயிர் போனது.'"

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பூப்பண்ணையிலிருந்து வந்த கணவருக்கு அந்தப் போர்வையைப் போர்த்தியவள் அவள்தான்.

ஆனால் மாரடைப்பு என்றல்லவா சொன்னார்கள்? சொன்னார்கள் என்ன, சொன்னது ஒரே ஆள். ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டு வந்து, "மாரடைப்பும்மா, யார் கையிலயும் இல்லை" என்று அவள் தலையைத் தடவிய ஆள்.

அண்ணனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"வேண்டாம்மா... நீ போ" என்றான்.

அவள் போகவில்லை. டாக்டரிடமிருந்து தாளை வாங்கினாள்.

"பத்தி இருக்கட்டும் அண்ணா. இதைப் படிச்சு யாராவது ஒருத்தி அந்தச் சட்டையைக் கழட்டினா போதும்."

"அப்படிச் சொல்லுங்கம்மா!" டாக்டர் முகம் மலர்ந்தார்.

அவள் பேனாவைத் திறந்தாள். 'மனைவியின் அலட்சியத்தால்' என்பதை அடித்துவிட்டு, 'யாரும் எச்சரிக்காததால்' என்று எழுதினாள்.

டாக்டர் எட்டிப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "அதெப்படிம்மா உங்களுக்குத் தெரியும்?"

"எனக்கு யாருமே சொல்லலையே டாக்டர்."