மேக் அப் ஃபோர்

“‘ஃபோர்’ எங்கை போட்டுது, ஐயா?”

பிரியவதனிக்கு அலுத்துப் போய்விட்டது. காலையிலிருந்து மூன்று ரியூசன் வகுப்பு எடுத்தவள். நாலாவது வகுப்புக்கு ஒரேயொரு மாணவர், எழுபத்தொரு வயதுக் கதிர்காமு.

“ஐ வோன்ற் ரு மேக் அப்... மை மிஸ்ரேக்” என்று பெருமூச்சோடு முடித்தார் அவர். ஐந்து நாளாக இதே வசனம்தான். தெற்கே காலி நகரில் முப்பது வருடம் கடை வைத்திருந்தவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீசுதான் மண்டையில் ஏற மறுத்தது.

இந்த வயதில் அவர் இங்கிலீசு படிக்க வந்த காரணம் மடத்துவெளி ஊருக்கே தெரியும். மகள் தர்சனா கனடாவில் ஒரு வெள்ளைக்காரனைக் கட்டியதிலிருந்து மனிதர் அவளோடு பேச்சில்லை. போன வருடம் மனைவி நல்லம்மா இறந்தபோது, மரண அறிவித்தலில் மூன்று பிள்ளைகளில் இரண்டு பேரின் பெயர்தான் வந்தது. தர்சனாவின் பெயரை அவர் போட விடவேயில்லை. பெற்ற தாயின் அறிவித்தலில் பிள்ளைக்கு இடமில்லை என்றால், அதைவிடக் கொடுமை வேறு உண்டா?

நாளைக்கு ஆண்டுத் திவசம். தர்சனா புருசனோடு வந்துகொண்டிருந்தாள். இந்தமுறையும் முகம் கொடுக்காமல் விட்டால் இனி அவள் இந்தப் பக்கம் வரப்போவதில்லை.

“பொருளை விளங்கிச் சொன்னால் வரும் ஐயா. செய்த பிழைக்கு ஈடு செய்யோணும், அவ்வளவுதான். எங்கை, முதல் தமிழிலை ஒருக்காச் சொல்லுங்கோ.”

கதிர்காமு தேத்தண்ணியை எடுத்து ஆறுதலாகக் குடித்தார். “இங்கிலீசிலையே சொல்லுவம், பிள்ளை.”

மறுபடி சொன்னார். ‘ஃபோர்’ வந்தது, ‘அப்’ போய்விட்டது.

கைபேசி அடித்தது. மகள் வரும் வான் வண்டி பாலத்தைத் தாண்டிவிட்டதாம். அவர் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே செருப்பைத் தேடினார். பிரியவதனிக்குப் பாவமாக இருந்தது.

“பயப்பிடாதேங்கோ. ஒரு சொல்லு விட்டாலும் உங்கடை மருமகன் விளங்கிக்கொள்ளுவார். வெள்ளைக்காரர் இதுக்கெல்லாம் கோவிக்கமாட்டினம்.”

“மருமகனுக்கில்லை, பிள்ளை. மகளுக்கு.”

“தர்சனாக்காவுக்கோ? அவவுக்கு நல்லாத் தமிழ் தெரியுமே!”

படலையைத் திறந்தவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“தமிழிலை சொல்ல வெளிக்கிட்டால் நான் அழுதுபோடுவன்.”