அழி என்றார் பெரியப்பா

"அஞ்சு தலைமுறையைப் புடிச்சிட்டியேடா!" என்று நான் பென்சிலில் வரைந்த வம்சாவளிப் படத்தைத் தடவிப் பார்த்தார் பெரியப்பா. சட்டென்று முகம் மாறியது. "ஓடிப்போனவ பேரு இதுல எதுக்கு? அழி!"

சின்ன வயதில், குடும்பமே கூடும் விடுமுறைகளில், எங்களை வயதுவாரியாக உட்காரவைத்துச் சோறு போட்டது அந்த அத்தைதான்.

"சரி பெரியப்பா."

ரப்பரால் அத்தை பெயரை அழித்தேன். அடுத்து கொள்ளுத்தாத்தா, அவருடைய அப்பா, அம்மா...

"டேய், புத்தி கெட்டுப்போச்சா? அவங்களை ஏன்டா அழிக்கிற?"

"நாப்பது பேருக்கு லெட்டர் போட்டேன். உங்களையும் சேத்து முப்பத்தொம்பது பேரு ஞாபகமில்லைன்னு எழுதிட்டீங்க. இதெல்லாம் அத்தை எழுதி அனுப்பினது."

பெரியப்பா அவசரமாகத் தன் பெயரின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"கையை எடுங்க பெரியப்பா. உங்க பொறந்த தேதியும் அவங்க சொன்னதுதான்."