காகிதக் கோப்பை

மனநல மருத்துவமனையின் கூட்ட அறையில், முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஆய்வுக்கு வந்திருந்தவர்களுக்கு அன்று பயிற்சி. சிகிச்சை பெற்றுத் தேறியவர்களையும் ஆய்வுக் குழுவில் சரிசமமாக உட்கார வைக்க வேண்டும், அவர்களைக் கேட்காமல் செய்வது என்ன ஆய்வு என்று பேராசிரியர் மேசையைத் தட்டி முழங்கினார். பேச்சுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. அத்தாட்சி போல அவருக்குப் பக்கத்திலேயே ராயப்பனை உட்கார வைத்திருந்தார்கள். இதே மருத்துவமனையில் இருந்து குணமாகிப் போனவர். டீ வந்தது. எல்லோருக்கும் பீங்கான் கோப்பை, ராயப்பனுக்கு மட்டும் காகிதக் கோப்பை. சூடு தாங்காமல் அவர் கை மாற்றி மாற்றிப் பிடித்துக் குடித்தார்.

எதிரே இருந்த ஆய்வாளர் செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவருக்கு மட்டும் ஏண்ணே பேப்பர் கப்பு?" என்று டீ கொண்டுவந்தவரிடம் கேட்டாள்.

"உடைச்சு கிடைச்சு கையில வச்சுக்கிட்டா யாரும்மா பதில் சொல்றது? சார்தான் சொல்லியிருக்காரு."

பேராசிரியர் சிரித்தார். "சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா. ராயப்பன் தப்பா எடுத்துக்க மாட்டாரு."

ராயப்பனும் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. தன் கோப்பையை மேசையின் நடுவில் நகர்த்தி வைத்தாள். அங்கே வந்த நாளிலிருந்து ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"அப்போ எனக்கும் பேப்பர் கப்புலயே குடுங்கண்ணே. காலேஜ் படிக்கறப்போ நானும் இந்த மாதிரி ஆஸ்பத்திரி வார்டுல கெடந்தவதான்."

வெட்கப்பட்டாவது தலை குனிவார் என்று பேராசிரியரின் முகத்தையே பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டி, அந்தப் பீங்கான் கோப்பையைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.