அந்த ஊருக்காக ஒரு ஜெபம்

"பாஸ்டர், ஒரே ஒரு ஜெபம். அந்த ஊரு அழியக் கூடாதுன்னு ஒரு வார்த்தை. அதுக்குமா உங்களுக்கு வாய் வரல?"

சபை மண்டபத்தை ஒட்டிய சின்ன அறையின் வாசலை மறித்துக்கொண்டு நின்றார் தையல்காரம்மா. பாடகர் குழுவுக்கு அங்கி தைத்துக் கொடுப்பவர். பாஸ்டரின் சட்டைக் காலரில் மைக்கைச் செருகிக்கொண்டிருந்த மைக் செட்காரருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் இந்தச் சபைக்காரர் அல்ல, இன்றைய கூட்டத்துக்கு வாடகைக்கு வந்தவர். அடுத்தவர் சண்டைக்கு நடுவில் இப்படியா வந்து மாட்டிக்கொள்வது!

"அம்மா, வெளி ஆள் இருக்காரு. அப்புறம் பேசுவோம்" என்றார் பாஸ்டர், குரலைத் தணித்து.

"அப்புறம்னா எப்போ? உங்க கூட்டம் முடியட்டும்னு குண்டு காத்துக்கிட்டு இருக்குமா? புள்ளை அங்க ஆஸ்பத்திரியில நர்ஸா நிக்குது. போன வாரம்கூட என்கிட்டப் பேசுச்சு. நேத்துலேருந்து மணி அடிக்குது, எடுக்க ஆளைக் காணோம்."

அடப் பாவமே! மைக் செட்காரருக்கு நெஞ்சு கனத்துவிட்டது. பெற்ற வயிறு இப்படித்தான் பதறும். வெளியூரில் படிக்கிற தன் மகள் ஒரு வேளை போனை எடுக்காவிட்டாலே அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த நகரம் மண்மேடாகும்னு வேதத்துல எழுதியிருக்கு. நம்ம காலத்துல, நம்ம கண்ணு முன்னால நிறைவேறுது. கர்த்தர் சொன்னதுக்கு எதிரா ஜெபிக்க நான் யாரு?"

"நினிவே பட்டணமும் அழியும்னுதானே சொன்னாரு? ஜனங்க அழுதாங்க, மனசு இரங்கி விட்டுட்டாரே!"

"அவங்க பாவத்தை விட்டு மனம் திரும்பினாங்க."

"அந்த ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுக் கிடக்குற குழந்தைங்க எதுலேருந்து பாஸ்டர் திரும்பணும்?"

பாஸ்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஊரைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு அவளுக்குத் தெரியாதா? போகாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியாச்சு. கேட்டாளா?"

"காயம்பட்டவங்க அங்கதானே இருக்காங்கன்னு சொல்லிட்டுப் போனா. தப்பா அது?"

"நேரமாச்சு" என்று அவரை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார் பாஸ்டர்.

மண்டபத்தில் எள் போட இடமில்லை. 'தீர்க்கதரிசனமும் இன்றைய செய்தியும்' என்று மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். பக்கத்தில் வெள்ளைத் திரை.

"சிதறிப்போன ஜனம் சொந்த மண்ணுக்குத் திரும்பும்னு எழுதியிருந்துச்சு. திரும்புச்சா, இல்லையா?"

"திரும்புச்சு!" என்றது கூட்டம்.

"தேசத்துக்கு எதிரா தேசம் எழும்பும்னு எழுதியிருந்துச்சு. எழும்புச்சா?"

"எழும்புச்சு!"

திரையில் அந்த நகரம் வந்தது. கரும்புகை. பாதி இடிந்த ஒரு கட்டடத்தில் வரிசையாகச் சன்னல்கள். பாஸ்டர் திரையைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார். தொண்டை கட்டிக்கொண்டது போலிருக்கிறது, தண்ணீர் குடித்தார். மைக் செட்காரர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

"இதுவும்... எழுதியிருந்துச்சு."

"ஆமென்!" மண்டபமே எழுந்து கை தட்டியது. "இன்னும் ரெண்டு நாள்ல ஊரு இருந்த இடமே தெரியாதாம்" என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரித்தார். ஏதோ கல்யாணச் சேதி சொல்கிறமாதிரி! மைக் செட்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கை தட்டாதீங்க!" நடுவிலிருந்து எழுந்தது தையல்காரம்மாவின் குரல். "அங்க யாரு இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா? சொல்லுங்க பாஸ்டர், நீங்களே உங்க வாயால சொல்லுங்க!"

கைதட்டல் சட்டென்று அடங்கியது. எல்லாத் தலைகளும் திரும்பின. இப்போதாவது இந்த மனிதர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று மைக் செட்காரர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா" என்றார் பாஸ்டர். "எல்லாரும் பாடுங்க."

தொண்டர்கள் இரண்டு பேர் தையல்காரம்மாவைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். பாட்டு தொடங்கியதும் பாஸ்டர் காலர் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கி விறுவிறுவென்று அந்தச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மனுஷனா இவர்? கல்லுக்குக்கூட ஈரம் இருக்கும். மைக் செட்காரருக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. வாடகை போனால் போகட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று எழுந்தார். ஒரு தாய் இப்படிக் கதறுகிறாளே, உமக்கும் பிள்ளைகுட்டி இருந்தால் தெரியும் என்று வார்த்தைகளைக்கூட அடுக்கிவைத்துக்கொண்டார். வேகமாகப் போய்க் கதவைத் தள்ளினார்.

பாஸ்டர் தரையில் முகம் பதியக் குப்புறக் கிடந்தார். கதவு திறந்த சத்தம்கூட அவர் காதில் விழவில்லை.

"ஆண்டவரே, இத்தனை வருஷமா நான் பிரசங்கம் பண்ணினதெல்லாம் பொய்யாப் போகட்டும். சபையே என்னைக் காறித் துப்பட்டும்... அந்த ஊரு நிக்கட்டும். அந்தத் தையல்காரம்மாவுக்கு இருக்குற தைரியம்கூட எனக்கு இல்லாமப் போச்சே, அங்க இருக்குறது என் மகள்னு சொல்றதுக்கு!"