முசுடு சிரித்தார்

"அவர் மூஞ்சியைப் பார்க்கவே கூடாது மேடம்! லேப்டாப் தலையில இருக்கே, இந்தக் கேமராக் கண்ணு, இதுதான் இனிமே உங்களுக்கு அவர் மூஞ்சி."

பயிற்சியாளன் சொல்லச் சொல்ல, ஆராய்ச்சிக்காரப் பெண் தலையைத் தலையை ஆட்டினாள்.

ஆன்லைன் கூட்டங்களில் ஆராய்ச்சியாளர்களை எடுப்பாகக் காட்டுவதுதான் அவன் பிழைப்பு. மண்டை நிறைய மூளை இருக்கும், வாயைத் திறந்தால் வெறும் காற்று வரும். அப்படிப்பட்டவர்கள்தான் அவனுக்குக் கிராக்கிகள்.

இவளுக்கு இன்னும் சற்று நேரத்தில் கூட்டம். மூன்று பேர் கொண்ட குழு தலையாட்டினால் ஆராய்ச்சி தொடரும். உதட்டைப் பிதுக்கினால் இத்தனை வருட உழைப்புக்கும் மூடுவிழா. குழுத் தலைவருக்கு 'முசுடு' என்று பெயர். அவர் பல்லை யாரும் பார்த்ததில்லை.

"போன தடவை அவர் மொறைச்ச மொறைப்புல எனக்கு நாக்கே ஒட்டிக்கிச்சு சார். பாதியிலேயே எந்திரிச்சு ஓடிட்டேன்."

"அதான் பார்க்காதீங்கங்கறேன்."

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் செருப்பை மாட்டியபடி எட்டிப் பார்த்தான். "எதிர்ல இருக்கிற ஆள் மூஞ்சியைப் பார்க்காமப் பேசறதுக்கு ஒரு வாத்தியாரா? நல்ல பொழப்புய்யா! எங்கிட்ட இவ அப்படித்தான் பேசறா, காசு வாங்காம நானே சொல்லிக் குடுத்திருப்பேனே."

"நீங்க முதல்ல கிளம்புங்க!" என்று விரட்டினாள் அவள்.

பயிற்சியாளன் அவளுடைய தடித்த புத்தகங்களை அலமாரியிலிருந்து உருவினான். பெயரைக்கூடப் பார்க்காமல் மேஜைமேல் அடுக்கி, அதன்மேல் லேப்டாப்பை ஏற்றினான்.

"சார், நான் என்ன ஆராய்ச்சி பண்றேன்னு ஒரு தடவை சொல்லிடட்டுமா? அப்பத்தானே உங்களுக்கு..."

"வேண்டவே வேண்டாம். சரக்கு உங்களோடது, பொட்டலம் கட்டுறது மட்டும்தான் நான். எங்க, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்க, கணீர்னு!"

சொன்னாள்.

"தோளை இறக்குங்க! கண்ணு எங்க போகுது? கேமரா, கேமரா!"

கூட்டம் தொடங்கியது. குழுவில் இருவர் முகம் காட்டாமல் கறுப்புக் கட்டங்களாக இருந்தார்கள். முசுடு மட்டும் தம் வீட்டு அறையில் தனியாக, உம்மென்று உட்கார்ந்திருந்தார். "ஆரம்பிங்கம்மா" என்று சொல்லிவிட்டு மைக்கை மூடிக்கொண்டார்.

எதற்கும் இருக்கட்டும் என்று பயிற்சியாளன் திரையில் அவர் முகம் தெரிந்த இடத்தில் ஓர் அட்டையை ஒட்டினான். கேமராவில் விழாமல் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தான்.

அவள் பேச ஆரம்பித்தாள். திக்கவில்லை, திணறவில்லை. வாய்ப்பாடு மாதிரியே கணீரென்று கொட்டியது. என்ன பேசினாள் என்பது அவன் காதில் ஏறவே இல்லை. குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதில்தான் அவனுக்குக் கவனம்.

கொஞ்ச நேரம் கழித்து, அட்டையின் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தான். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முசுடு சிரித்துக்கொண்டிருந்தார்! சிரித்துப் பழக்கமில்லாத மனுஷன், பாவம், ஒரு பக்கமாகத்தான் வந்தது.

மறுபடியும் பார்த்தான். இப்போது நாற்காலியில் சாய்ந்தே விட்டார். நழுவிய பேனாவைக்கூட எடுக்கவில்லை. அவ்வளவு சொக்கிப்போயிருந்தார். பயிற்சியாளன் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். அவள் பார்வையை நகர்த்தாமல் கேமராவையே பார்த்துப் பேசினாள். சொன்னபடி கேட்கிற மாணவி!

"நன்றி" என்று முடித்தாள்.

"பிரமாதம்மா" என்றது ஒரு கறுப்புக் கட்டம். "தலைவர் என்ன சொல்றார்?"

பதில் இல்லை. பயிற்சியாளன் வெற்றிக் களிப்பில் அட்டையைப் பிய்த்தான். "இப்பப் பாருங்க மேடம்! முசுடையே சிரிக்க வச்சிட்டீங்க!"

அவள் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"சார், ரெண்டு கையையும் தூக்குங்க! சார்!" என்று திரையைப் பார்த்து அலறினாள்.

ஒரு கை மட்டும் மெல்ல மேலே வந்தது.

"அவர் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் அனுப்புங்க! உடனே!"

கறுப்புக் கட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின. அவள் பயிற்சியாளனின் சட்டையைப் பிடித்தாள்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கார்?"

"நீங்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலேர்ந்தே மேடம்... பேச்சு பிடிச்சுப்போய்ச் சிரிக்கிறார்னு நான்..."

"ஐயோ, சிரிப்பா அது? இவ்வளவு நேரமா நான் என்னத்தைச் சொல்லிக்கிட்டிருந்தேன்? பக்கவாதம் வந்தா வாய் ஒரு பக்கம் கோணும், கேமராவுல மூஞ்சியைப் பார்த்த மாத்திரத்துல அதைக் கண்டுபிடிச்சு ஆளைக் காப்பாத்திடலாம்னு... அதுதானே சார் என் ஆராய்ச்சியே!"